எடைச்சீட்டு ஃபார்ம்: இன்ஃபோபாத் டெம்ப்ளேட்டை எல்லா பிரவுசரிலும் ஓடுகிற மாதிரி மாற்றுவது எப்படி?

எடைமேடை_ஆத்தூர்

வணக்கம். ஆத்தூர் பக்கம் ஒரு சேகோ ஆலைக்குக் கிழங்கு கொள்முதல் சீட்டு ஃபார்ம் செய்து தர வேண்டியிருக்கிறது. இப்போது புழக்கத்தில் இருப்பது மைக்ரோசாஃப்டின் ஃபார்ம் மென்பொருளான இன்ஃபோபாத் 2010-ல் செய்த டெம்ப்ளேட். ஆபீஸில் உள்ள ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டரில் மட்டும்தான் திறக்கிறது. எடைமேடையில் நிற்பவர் ஆண்ட்ராய்டு போனிலும், கணக்குப்பிள்ளை டெஸ்க்டாப் குரோமிலும், முதலாளி ஐபோனிலும் அதே ஃபார்மைத் திறக்கணும்.

சீட்டில் வருவது: தேதி, விவசாயி பெயர், ஊர், வண்டி எண், லோடு எடை, காலி வண்டி எடை, மண் கழிவு சதவீதம், பாயிண்ட் (கிழங்கின் மாவுச்சத்து அளவு), ஒரு பாயிண்டுக்கு டன் விலை, மொத்தத் தொகை. ஒரே லோடில் இரண்டு மூன்று விவசாயிகளின் கிழங்கு சேர்ந்து வந்தால் வரிசை கூட்டிக்கொள்ள வேண்டும்.

பழைய டெம்ப்ளேட்டில் உள்ள விதிகளை இழக்காமல் வெளியே எடுக்க வழி உண்டா? புது ஃபார்மில் எங்கெல்லாம் இடிக்கும்? எச்டிஎம்எல், ஜாவாஸ்கிரிப்ட் ஓரளவு தெரியும்.

சட்டகம்

முதலில் பழையதைப் பிரிக்கிற வேலை. எக்ஸ்எஸ்என் என்று முடியும் அந்த டெம்ப்ளேட் ஃபைல் உண்மையில் ஒரு கேப் மூட்டைதான், அதாவது பல ஃபைல்களைச் சுருக்கி ஒன்றாக்கியது. நகல் எடுத்து, எக்ஸ்டென்ஷனைக் கேப் என்று மாற்றினால் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரிலேயே திறக்கும், செவன்ஜிப்பிலும் திறக்கும். இன்ஃபோபாத் டிசைனர் கையில் இருந்தால் எக்ஸ்போர்ட் சோர்ஸ் ஃபைல்ஸ் கொடுத்தாலும் இதே ஃபைல்கள் வரும்.

உள்ளே முக்கியமானவை நான்கு. மைஸ்கீமா என்ற எக்ஸ்எஸ்டி ஃபைலில் ஒவ்வொரு புலத்தின் பெயரும் வகையும் இருக்கும். வியூ1 என்ற எக்ஸ்எஸ்எல் ஃபைல் திரைத் தோற்றம். டெம்ப்ளேட் எக்ஸ்எம்எல், காலி ஃபார்மின் ஆரம்ப மதிப்புகள். மேனிஃபெஸ்ட் எக்ஸ்எஸ்எஃப்-ஐத்தான் நிதானமாகப் படிக்கணும். கணக்கிடும் சூத்திரங்கள், சரிபார்ப்பு நிபந்தனைகள், விதிகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. நிபந்தனைப்படி நிறம் மாறுவது, மறைவது போன்றவை மட்டும் வியூ ஃபைலில் கலந்திருக்கும், அதையும் ஒரு பார்வை பாருங்க.

இவற்றை வைத்து ஒரு அட்டவணை போடுங்க: புலத்தின் பெயர், வகை, கட்டாயமா, எல்லை, சூத்திரம், யார் நிரப்புவது. இந்த அட்டவணைதான் உங்கள் உண்மையான டெம்ப்ளேட். எச்டிஎம்எல் என்பது அதை ஒரு திரையில் காட்டும் வழி, அவ்வளவுதான். வியூ ஃபைலை எச்டிஎம்எல்லாக மாற்ற உட்காராதீங்க. அது ஏ4 தாளைப் பார்த்து டேபிளுக்குள் டேபிள் வைத்து வரைந்ததாக இருக்கும். ஆறு அங்குலப் போனில் பக்கவாட்டில் இழுத்து இழுத்துத்தான் நிரப்ப வேண்டிவரும். எடைமேடையில் வேலை நடக்கும் வரிசையில் புலங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக வையுங்க: வண்டி எண், லோடு எடை, விவசாயி, பாயிண்ட், கடைசியில் காலி எடை. காலி எடை கிழங்கு இறக்கின பிறகுதான் தெரியும். ஆகவே பாதியில் சேமித்து, பிறகு திறந்து முடிக்கிற வசதி இந்த ஃபார்முக்குக் கட்டாயம். பழைய தாள் வடிவத்தில் இது தெரியவே தெரியாது.

பழைய சீட்டுகளையும் ஏற்றணும் என்றால், நிரப்பிய ஒவ்வொரு எக்ஸ்எம்எல் ஃபைலின் தலையிலும் எந்த டெம்ப்ளேட் பதிப்பில் நிரப்பியது என்ற எண் இருக்கும். சொல்யூஷன்வெர்ஷன் என்று தேடுங்க. பதிப்பு மாறிய இடத்தில் புலங்களும் மாறியிருக்கலாம், எல்லாவற்றையும் ஒரே சல்லடையில் போட்டால் சில புலங்கள் சத்தமில்லாமல் காலியாக வரும். உங்கள் புது ஃபார்மிலும் இந்தப் பழக்கத்தை விடாதீங்க: ஒவ்வொரு சீட்டோடும் டெம்ப்ளேட் பதிப்பு எண்ணைச் சேமிக்கணும். ஒரு புலத்தின் பொருள் மாறினால் பழைய பெயரையே வைத்து ஒப்பேற்றாமல் புதுப் பெயர் கொடுக்கணும்.

இன்னொன்று. இன்ஃபோபாத் ஃபார்மை ஷேர்பாயிண்ட் வழியாக பிரவுசரில் காட்டும் வசதியும் உண்டு. அந்தப் பக்கம் போகவேண்டாம். இன்ஃபோபாத்துக்குப் புதுப் பதிப்பு வராது என்று மைக்ரோசாஃப்ட் 2014-லேயே சொல்லிவிட்டது, ஆதரவுக்கும் 2026 ஜூலை 14 என்று கெடு வைத்தது.

புள்ளிவைத்தவர்

சட்டகம் சொன்னதோடு, புலம் புலமாக எங்கே இடிக்கும் என்று சொல்கிறேன்.

எடை, பாயிண்ட்: டைப் நம்பர் என்று போட்டால் ஸ்டெப் தானாக 1 ஆகிவிடும். 27.5 பாயிண்ட் என்று அடித்தால் பிரவுசர் செல்லாது என்று நிறுத்தும். ஸ்டெப்பை 0.5 அல்லது 0.1 என்று வெளிப்படையாகக் கொடுங்க. ஆனால் நம்பர் வகையில் வேறு தொல்லைகளும் உண்டு. செல்லாததை அடித்தால் ஸ்கிரிப்ட்டுக்குக் காலி மதிப்புதான் கிடைக்கும், எதை அடித்தார் என்றே தெரியாது. டெஸ்க்டாப்பில் கர்சர் கட்டத்தில் இருக்கும்போது மவுஸ் வீலை உருட்டினால் எண் மாறிப்போகவும் வாய்ப்புண்டு. எடைச்சீட்டில் இது பெரிய ஆபத்து. அதனால் டைப் டெக்ஸ்ட், இன்புட்மோட் டெசிமல் என்று வைப்பதே நல்லது. போனில் எண் பலகை வரும், 9,860 என்று கமா போட்டு அடித்தாலும் நீங்களே கமாவை எடுத்துவிட்டுச் சரிபார்க்கலாம்.

வண்டி எண்: பெரிய எழுத்தாகக் காட்ட சிஎஸ்எஸ்ஸில் டெக்ஸ்ட்-டிரான்ஸ்ஃபார்ம் போட்டால் கண்ணுக்குத்தான் பெரிய எழுத்து. சேமிப்பில் போவது அடித்த எழுத்தேதான். சர்வரில் இடைவெளி, கோடு எல்லாம் நீக்கி, பெரிய எழுத்தாக்கி ஒரே வடிவில் வையுங்க. இல்லாவிட்டால் ஒரே லாரி மூன்று லாரியாகப் பதிவாகும்.

தேதி: டைப் டேட் கட்டம் பயனருக்கு எந்த வடிவத்தில் காட்டினாலும், மதிப்பு வருடம்-மாதம்-நாள் என்றே வரும். அது நல்லது. தப்பு வருவது இன்றைய தேதியைத் தானாக நிரப்பும் இடத்தில். டுஐஎஸ்ஓஸ்ட்ரிங் கொடுத்து முதல் பத்து எழுத்தை வெட்டி எடுப்பது பலருக்கும் பழக்கம். அது உலகப் பொதுநேரம். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். விடிகாலை 4 மணிக்கு எடை போடும் லோடுக்கு முந்தைய நாள் தேதி விழும். காலை 5.30-க்கு மேல் சோதித்துப் பார்ப்பவருக்கு இந்தப் பிழை கண்ணிலேயே படாது. கெட்ஃபுல்இயர், கெட்மன்த், கெட்டேட் மூன்றையும் வைத்துத் தேதியைக் கோத்துக்கொள்ளுங்க. மாதம் பூஜ்யத்தில் தொடங்கும், ஒன்று கூட்ட மறக்காதீங்க.

ஊர்ப் பெயர்: இதுதான் தமிழ் ஃபார்ம்களில் அதிகம் கவனிக்கப்படாத இடம். மேக்ஸ்லெங்த் எண்ணுவது நாம் எண்ணும் எழுத்துகளை அல்ல, யூனிகோட் குறிகளை. 'வாழப்பாடி' நமக்கு ஐந்து எழுத்து, அதற்கு 9. 'பெத்தநாயக்கன்பாளையம்' நமக்குப் பன்னிரண்டு, அதற்கு 20. எல்லை 15 என்று வைத்தால் 'பெத்தநாயக்கன்பா' என்று நிற்கும், மேலே அடித்தால் ஏறாது. எதற்கு அந்த எல்லை என்று கேட்டுப் பார்த்து, தேவை இல்லாவிட்டால் எடுத்துவிடுங்க. வேண்டும் என்றால் 100 வையுங்க.

அதேபோல் பேட்டர்னில் 'எழுத்து மட்டும்' என்று யூனிகோட் லெட்டர் வகையைப் போட்டால், புள்ளி, கால், கொம்பு, சுழி எல்லாம் மார்க் என்ற வேறு வகையைச் சேர்ந்தவை என்பதால் தமிழ்ப் பெயர் அநேகமாக எதுவும் தேறாது. இரண்டு வகையையும் அனுமதிக்கணும். கூடவே இடைவெளியும் புள்ளியும் வேண்டும், நம் ஊரில் தலைப்பெழுத்து இல்லாமல் பெயர் ஏது.

'கொளத்தூர்' என்பதில் உள்ள கொ-வில், க-வுக்கு அடுத்த ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பு தனி கால் தனியாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. சேமிக்கும் முன் நார்மலைஸ் செயல்பாட்டை என்எஃப்சி வடிவத்தில் ஒருமுறை கூப்பிட்டால் இரண்டும் ஒன்றாகும். ஊர்களுக்கு ஒரு பட்டியலே வைத்து, திரையில் பெயரைக் காட்டி, சேமிப்பில் குறியீட்டு எண்ணை வைப்பது இன்னும் நல்லது.

ஐபோனுக்கு ஒன்று: கட்டத்தின் எழுத்தளவு 16 பிக்சலுக்குக் கீழே இருந்தால் தொட்டதும் பக்கம் பெரிதாகிவிடும், பிறகு ஆளே சுருக்கிக்கொள்ள வேண்டும். 16 வையுங்க. வரி உயரம் 1.5-ஆவது இருக்கட்டும். கட்டத்துக்கு நிலையான உயரம் கொடுத்தால் 'கூ', 'ழு' போன்றவற்றின் அடி வெட்டுப்படும்.

எடைமேடை_ஆத்தூர்

இருவருக்கும் நன்றிங்க. மேனிஃபெஸ்ட்டில் சூத்திரம் எல்லாம் கிடைத்துவிட்டது. மாதிரி ஒன்று போட்டேன். இரண்டு சிக்கல். 'வரிசை சேர்' பட்டனை அழுத்தினால் வரிசை சேராமல் ஃபார்மே போய்ச் சேர்ந்துவிடுகிறது. தொகையில் பழைய ஃபார்முக்கும் புதியதற்கும் சில ரூபாய் வித்தியாசம் வருகிறது. எந்த இடத்தில் பார்க்க வேண்டும்?

சட்டகம்

பட்டனுக்கு டைப் கொடுக்காவிட்டால் ஃபார்முக்குள் அது சப்மிட் பட்டன்தான். டைப் பட்டன் என்று எழுதுங்க. கூடவே என்டர் கீயையும் பாருங்க: டெக்ஸ்ட் கட்டத்தில் என்டர் அடித்தாலே ஃபார்ம் அனுப்பப்படும். எண் அடித்ததும் என்டர் தட்டுவது எடைமேடையில் எல்லோருக்கும் கைப்பழக்கம். என்டர் வந்தால் அடுத்த கட்டத்துக்குப் போகிற மாதிரி வையுங்க.

வரிசைக்கு டெம்ப்ளேட் என்ற எலிமென்ட்டிலேயே ஒரு வரிசையை எழுதி வைத்து நகலெடுத்துச் சேருங்க. கட்டங்களுக்கு வரிசை எண்ணோடு பெயர் கொடுக்கணும், எல்லாவற்றுக்கும் ஒரே பெயரை வைத்துப் பட்டியலாக அனுப்பக்கூடாது. காரணம், டிக் அடிக்காத செக்பாக்ஸ் சர்வருக்குப் போவதே இல்லை. மூன்று வரிசையில் நடுவில் உள்ளதில் மட்டும் டிக் இல்லை என்றால் பட்டியல் இரண்டாகச் சுருங்கி, மூன்றாவது விவசாயியின் டிக் இரண்டாமவர் கணக்கில் ஏறும். லேபிளின் ஃபார் மதிப்பையும் கட்டத்தின் ஐடியையும் நகலுக்கு நகல் மாற்றணும், இல்லாவிட்டால் எந்த லேபிளைத் தொட்டாலும் முதல் வரிசைக்கே போகும்.

தொகை வித்தியாசம் அநேகமாக முழுமையாக்கும் இடத்தில். உதாரணமாக லோடு 9,860 கிலோ, காலி வண்டி 3,240. நிகரம் 6,620. மண் கழிவு 3 சதவீதம் என்றால் 198.6 கிலோ. இதை 199 என்று முழுமையாக்கினால் மீதி 6,421. பாயிண்ட் 27.5, பாயிண்டுக்கு 300 ரூபாய் என்று வைத்தால் டன் 8,250, தொகை 52,973.25. கழிவை முழுமையாக்காமல் 6,421.4 என்றே கொண்டுபோனால் 52,976.55. மூன்று ரூபாய் முப்பது காசு வித்தியாசம். பழைய மேனிஃபெஸ்ட்டில் ரவுண்ட் எந்தப் படியில் இருக்கிறது என்று பாருங்க. எது சரி என்பதை ஆலையும் விவசாயியும் ஒப்புக்கொண்ட வழக்கம்தான் தீர்மானிக்கணும், ஃபார்ம் செய்பவர் அல்ல. முடிவானதை அட்டவணையில் எழுதி வையுங்க.

கணக்கை முழு எண்ணில் செய்யுங்க. ஜாவாஸ்கிரிப்ட்டில் 1.005-ஐ 100-ஆல் பெருக்கினால் 100.5 வராது, 100.49999999999999 வரும், அதை முழுமையாக்கினால் 101-க்குப் பதில் 100 கிடைக்கும். பாயிண்டைப் பத்தால் பெருக்கி 275 என்றும், விலையைக் காசாக 30,000 என்றும் வையுங்க. 6,421 × 275 × 30,000-ஐ 10,000-ஆல் வகுத்தால் 52,97,325 காசு. தசமமே நடுவில் வராது.

தொகைக் கட்டத்தை டிசேபிள் செய்தால் அந்தப் புலம் சர்வருக்குப் போகாது. ரீட்ஒன்லி என்றால் போகும். எது வந்தாலும் சர்வர் எடையிலிருந்து மறுபடி கணக்குப் போட்டுத்தான் சேமிக்கணும். பிரவுசரில் காட்டுவது எதிரே நிற்கும் விவசாயிக்காக. அதனால் வெறும் தொகையைக் காட்டாமல் நிகரம், கழிவு, மீதி, டன் விலை நான்கையும் படிப்படியாகக் காட்டுங்க. அவர் மனக்கணக்கில் சரிபார்த்துக்கொள்ள முடியாத சீட்டை நல்ல சீட்டு என்று என்னால் சொல்ல முடியாது.

ஏற்காடு_சில்வர்ஓக்

இங்கே மலையில் காப்பித் தோட்டங்களில் பழம் பறிப்பு எடைப் பதிவுக்கு இதே மாதிரி ஃபார்ம்தான். நவம்பரிலிருந்து பறிப்புக் காலம். சரிவில் இறங்கிவிட்டால் சிக்னல் இருக்காது. ஆத்தூர் சமவெளியில் டவர் இருந்தாலும் தகரக் கொட்டகைக்கு அடியில் உள்ள எடைமேடை அறையில் போன் எடுக்காமல் போகலாம், ஆகவே ஆஃப்லைனை முதலிலேயே வைத்துக் கட்டுங்கள்.

பக்கத்தைப் போனிலேயே வைத்திருக்க, பிரவுசரின் பின்னணியில் ஓடும் ஸ்கிரிப்ட்டான சர்வீஸ் ஒர்க்கர் வேண்டும். அது எச்டிடிபிஎஸ் இல்லாமல் ஓடாது. லோக்கல்ஹோஸ்ட்டில் சோதிக்கும்போது ஓடும். ஆபீஸ் கம்ப்யூட்டரின் 192.168 முகவரியைப் போனில் சாதாரண எச்டிடிபியில் திறந்தால் ஓடாது. பலர் கோடில் பிழை தேடி நாளைக் கழிப்பது இந்த இடத்தில்தான். மறுபடி வராத தனி அடையாள எண்ணை (யூயூஐடி) உருவாக்கும் ரேண்டம்யூயூஐடி செயல்பாடும் அங்கே கிடைக்காது.

நிரப்பிய சீட்டுகளைப் பிரவுசருக்குள்ளேயே உள்ள டேட்டாபேஸான இண்டெக்ஸ்டுடிபியில் வையுங்கள். லோக்கல்ஸ்டோரேஜ் சுமார் 5 எம்பிதான், எழுத்து மட்டுமே ஏற்கும். எடை இண்டிகேட்டரின் போட்டோ சேர்த்தால் நான்கைந்து சீட்டிலேயே நிரம்பலாம். போட்டோவையும் கேன்வாஸில் 1280 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி, ஜேபெக் தரம் 0.7-ல் எடுத்துக்கொண்டால் எண் தெளிவாகவே தெரியும், அளவும் சில நூறு கேபிக்குள் அடங்கும்.

நெட் இருக்கிறதா என்று பார்க்க நேவிகேட்டர் ஆன்லைனை நம்பாதீர்கள். வைஃபை ரவுட்டரோடு இணைப்பு இருந்தாலே அது 'இருக்கிறது' என்று சொல்லும், ரவுட்டருக்கு அப்பால் நெட் செத்திருந்தாலும். அனுப்பிப் பார்த்து, சர்வரிடமிருந்து ஒப்புதல் வந்த பிறகே 'போய்ச் சேர்ந்தது' என்று பச்சை காட்டுங்கள். நெட் வந்ததும் தானாக அனுப்பும் பேக்கிரவுண்ட் சிங்க் குரோம் வகை பிரவுசர்களில் உண்டு, ஐபோன் சஃபாரியில் இல்லை. ஃபார்மைத் திறக்கும்போதும், ஆன்லைன் நிகழ்வு வரும்போதும், சில நிமிடத்துக்கு ஒருமுறையும் காத்திருப்பவற்றை அனுப்ப முயலும்படி நீங்களே எழுதுவது பாதுகாப்பு.

இரட்டைப் பதிவு ஆஃப்லைன் ஃபார்மின் பெரிய நோய். சீட்டு சர்வருக்குப் போய்ச் சேமிப்பாகிவிடும், ஒப்புதல் திரும்பி வரும் வழியில் சிக்னல் போய்விடும். போன் மறுபடி அனுப்பும், ஒரே லோடுக்கு இரண்டு முறை பணம். இதைத் தடுக்கப் புதுச் சீட்டு திறக்கும் அந்த நொடியிலேயே ஒரு யூயூஐடி கொடுங்கள், அனுப்பும் நேரத்தில் அல்ல. டேட்டாபேஸில் அந்தப் புலத்துக்கு யூனிக் போடுங்கள். அதே எண் மீண்டும் வந்தால் பிழை சொல்லாமல், முன்பு கொடுத்த சீட்டு எண்ணையே திருப்பி அனுப்பட்டும். வரிசைச் சீட்டு எண்ணைச் சர்வர் மட்டும் போடணும். இரண்டு போன் ஆஃப்லைனில் தாமாக எண் போட்டால் 1042 இரண்டு பேரிடம் இருக்கும். அதுவரை போனின் பெயரோடு சேர்ந்த தற்காலிக எண் போதும்.

முதலாளியின் ஐபோனுக்கு: சஃபாரி, ஏழு நாள் அந்தத் தளத்தைத் தொடாமல் இருந்தால் அதில் சேமித்ததை அழித்துவிடும். ஹோம் ஸ்கிரீனில் சேர்த்து அங்கிருந்து திறந்தால் இந்தக் கெடு பாதிக்காது. எப்படியும் அனுப்பாத சீட்டு எத்தனை நிற்கிறது என்ற எண்ணிக்கை திரையின் மேலேயே தெரியட்டும்.

எடைமேடை_ஆத்தூர்

ஏற்காட்டு அண்ணா, யூயூஐடி விஷயம் மிக உபயோகம். திறக்கும்போதே கொடுக்கிற மாதிரி மாற்றிவிட்டேன். கடைசியாக ஒன்று: விவசாயிக்குக் கொடுக்கும் சீட்டை 80 மில்லிமீட்டர் தெர்மல் பிரிண்டரில் அடிக்க வேண்டும். தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வருகிறது.

புள்ளிவைத்தவர்

பிரிண்டருக்கு எழுத்தாக அனுப்புகிறீர்கள் என்று தெரிகிறது. அந்த வகை மெஷின்களுக்குள் பெரும்பாலும் தமிழ் எழுத்துரு இருக்காது. பிரவுசரின் பிரிண்ட் வழியாக, டிரைவர் போட்டு அடித்தால் படமாகப் போகும், சரியாக வரும். நேரடியாக அனுப்பியே ஆகணும் என்றால் சீட்டைக் கேன்வாஸில் வரைந்து படமாக்கி அனுப்புங்க. 80 மில்லிமீட்டர் ரோலில் அச்சாகும் அகலம் 72 மில்லிமீட்டர், 203 டிபிஐ மெஷினில் அது 576 புள்ளி. படத்தை அதே அகலத்தில் செய்யணும், சுருக்கவிட்டால் புள்ளிகளும் சுழிகளும் மங்கும்.

பிரிண்டுக்குத் தனி சிஎஸ்எஸ் எழுதுங்க. அட்பேஜில் மார்ஜின் பூஜ்யம், உள்ளே அகலம் 72 மில்லிமீட்டர். ஃபார்ம் கட்டங்களை அப்படியே அச்சிடாமல் மதிப்பைச் சாதாரண எழுத்தாக எழுதிக் காட்டுங்க. டெக்ஸ்ட்ஏரியா கட்டம் என்றால் திரையில் தெரிகிற அளவுதான் அச்சாகும், குறிப்பு நீளமானால் மீதி காணாமல் போகும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வைத்திருந்தால் பிரவுசர் வழக்கமாகப் பின்னணியை அச்சிடாது, வெள்ளைத் தாளில் எழுத்து மங்கலாகவோ தெரியாமலோ போகலாம். தெர்மல் தாள் வெயில் பட்டால் நிறம் போகும். விவசாயி பணம் வாங்கும் நாள்வரை எண் படிக்கத் தெரியணும், ஆகவே மீதி எடை, பாயிண்ட், தொகை மூன்றையும் குறைந்தது 14 பாயின்ட் எழுத்தில் தடித்து அடியுங்க. அனுப்பாமல் நிற்கும் சீட்டுக்குத் தற்காலிக எண்ணோடு யூயூஐடியின் கடைசி ஆறு எழுத்தும் அச்சாகட்டும். சர்வர் எண் வந்த பிறகு கணக்குப்பிள்ளை அதை வைத்துத் தேடி எடுத்துவிடுவார்.